பொறுத்துப் போ என்று யாரிடம் சொல்வது?

பள்ளியில் ஒரு பிள்ளையை நாலைந்து பேர் சேர்ந்து மாதக் கணக்கில் சீண்டுகிறார்கள். நிறத்தைச் சொல்லி, திக்கிப் பேசுவதைச் சொல்லி, நடையைச் சொல்லி, சாதியைச் சொல்லி. பட்டப்பெயர் வைக்கிறார்கள், சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்குகிறார்கள், சைக்கிளில் காற்றை இறக்கி விடுகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் துணிந்து வீட்டில் வாய் திறந்தால் பல வீடுகளில் கிடைக்கிற பதில் இதுதான்: "கண்டுக்காத, பொறுத்துப் போ. சாமி பாத்துக்கும்." சொல்கிறவர்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. அதோடு, தாங்கள் சொல்வது பெரியவர்கள் வகுத்த அறம் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். பொறுமை பேரறம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அந்த அறம் யாருக்கு இடப்பட்டது என்பதில்தான் நாம் பிசகியிருக்கிறோம். நம் நூல்களைக் கூர்ந்து படித்தால், அவை பொறுமையைக் கேட்பது திருப்பி அடிக்கும் வலிமை கையில் இருப்பவனிடம். அந்த வலிமை இல்லாத ஒரு குழந்தையிடம் அதைக் கேட்பது, குழந்தையைத் தனியே விட்டுவிட்டு அதற்கு ஆன்மிகப் பெயர் சூட்டுவதாகும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள், மறுநாள் கூடிக்கொள்வார்கள். அதில் பெரியவர்கள் தலையிடாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. நான் சொல்வது வேறு. நார்வேயின் பெர்கன் நகரில் இருந்து இந்தப் பொருளை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்புக்கும் வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றாவதுதான் முக்கியம். எதிர்த்து நிற்க முடியாது என்று தெரிந்த பிள்ளையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இது எங்கோ சில பள்ளிகளில் நடப்பதும் இல்லை. உலக அளவில் மூன்று மாணவரில் ஏறக்குறைய ஒருவர், கேட்கப்பட்டதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் இப்படித் துன்புறுத்தப்பட்டதாக யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

வலிமையின் ஏற்றத்தாழ்வு உடல் பலத்தில் மட்டும் இருப்பதில்லை. நெய்வேலி போன்ற ஒரு நகரியத்தை எண்ணிப் பாருங்கள். 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, காட்டையும் வயலையும் கிராமங்களையும் எடுத்துக்கொண்டு எழுந்த ஊர். பிளாக் பிளாக்காகப் பிரித்து, மரங்கள் நட்டு, பள்ளியும் மருத்துவமனையும் நூலகமும் கட்டி, இந்தியாவின் பல பக்கங்களிலிருந்தும் வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர். பெருமைப்பட வேண்டிய ஊர்தான். ஆனால் ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊரில் பிள்ளைகளின் உலகத்துக்குள்ளும் பெரியவர்களின் படிநிலை நுழைந்துவிடும். யார் அப்பா அதிகாரி, யார் அப்பா பர்மனென்ட், யார் அப்பா கான்ட்ராக்ட், யார் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள், யார் நிலம் கொடுத்த கிராமத்திலிருந்து வருகிறார்கள் என்பதெல்லாம் வகுப்பறையில் தெரியாமல் இருக்காது. சீண்டுகிற பையனின் தந்தையிடம்தான் தன் தந்தை ஷிப்ட்டில் வேலை பார்க்கிறார் என்றால் பிள்ளை வீட்டில் சொல்லுமா? சொன்னாலும் தந்தை பள்ளிக்குப் போவாரா? இது போன்ற நிலையில் "பொறுத்துப் போ" என்ற சொல் அறத்திலிருந்து வருகிறதா, தயக்கத்திலிருந்து வருகிறதா என்று பிரித்தறிவது கடினம். சுரங்க நகரங்கள், தோட்டக் குடியிருப்புகள், காவலர் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்போது குறளுக்கு வருகிறேன். பொறுமைக்குச் சான்று கேட்டால் எல்லோரும் முதலில் காட்டுவது பொறையுடைமை அதிகாரம். தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கி நிற்கும் நிலம்போல இருக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. இல்லறவியலில் வருகிற அதிகாரம் அது. ஆகவே துறவிகளுக்கு மட்டும் சொன்னது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பத்துப் பாட்டையும் சேர்த்துப் படியுங்கள். பொறுத்தவருக்கு எதிரே வள்ளுவர் நிறுத்துவது யாரை? ஒறுத்தவரை. தண்டித்தவனின் மகிழ்ச்சி ஒரு நாளில் முடிந்துவிடும், பொறுத்தவனின் புகழ் நெடுங்காலம் நிற்கும் என்பது அங்கே உள்ள வாதம். தண்டிக்கவும் முடியும், பொறுக்கவும் முடியும் என்ற இரண்டு வழிகள் ஒருவனுக்குத் திறந்திருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. பரிமேலழகரும் அந்த அதிகாரத்தின் இரண்டாம் குறளுக்கு உரை எழுதும்போது, தண்டிக்க இயலும் காலத்திலும் பொறுக்க வேண்டும் என்றே விரிக்கிறார். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது: தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவனே உண்மையில் அடக்குகிறவன், செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. நான்கு பேர் சுற்றி நிற்க, நடுவில் தலை குனிந்து நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மௌனத்தை வள்ளுவர் பொறுமைக் கணக்கில் சேர்க்க மாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அவர் அந்த நான்கு பேருக்குத் தனியாக ஒரு குறள் வைத்திருக்கிறார். அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள். உன்னைவிட மெலிந்தவன்மேல் பாயும்போது, உன்னைவிட வலியவன் முன்னால் நீ எப்படி நிற்பாய் என்று நினைத்துப் பார் என்கிறது அது. நாமோ அந்தக் குறளை மேடைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, நிலத்தைப் பற்றிய குறளை அடிபட்ட பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நிலம் என்றதும் நெய்வேலிக்காரர்களுக்கு ஒன்று தெரியும். இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிக்கொண்டே போய், அந்த நீரின் அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பிவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். தோண்டுகிறவரைத் தாங்கும் நிலத்துக்கும், தாங்குவதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைக் கவனிக்கிற பொறுப்பு தோண்டுகிற பக்கத்தில் இருக்கிறது. பிள்ளையின் மனத்தைப் பற்றி இதற்குமேல் உவமை சொல்ல வேண்டியதில்லை.

வேறு மரபுகளிலும் இதே திசைதான். பாலி மொழியில் உள்ள உதானம் என்ற பௌத்த நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சாவத்திக்கும் சேதவனத்துக்கும் இடையில் சில சிறுவர்கள் மீன்களைப் பிடித்து வதைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தர் அந்த வழியாக வருகிறார். சிறுவர்களிடம் போய், உங்களுக்கு வலி என்றால் பயமா, வலி பிடிக்காதா என்று கேட்கிறார். பிடிக்காது என்கிறார்கள். அப்படியானால் தீங்கு செய்யாதீர்கள் என்கிறார். மீன்களுக்கு அவர் அமைதியைப் போதிக்கவில்லை. தன்னை ஒருவன் வசைபாடியபோது, ஏற்றுக்கொள்ளாத பரிசு கொடுத்தவனிடமே திரும்பிப் போவதுபோல உன் வசையும் உன்னிடமே போகட்டும் என்று அவர் சொன்னதை, "கண்டுக்காத" என்பதற்கு ஆதாரமாகச் சிலர் காட்டுவதுண்டு. அது ஞானம் பெற்ற ஒரு பெரியவர், தன்மேல் விழுந்த வசைக்குத் தானே சொன்ன பதில். இன்னொருவர் துன்பத்தைக் கண்டபோது அவர் என்ன செய்தார் என்பதற்கு மீன்களின் கதைதான் சாட்சி. காந்தியும் இந்த இடத்தில் கறாராகவே இருந்தார். 1920 ஆகஸ்ட்டில் யங் இந்தியாவில் எழுதிய கட்டுரையில், தண்டிக்கும் ஆற்றல் உள்ளவனின் மன்னிப்பே மன்னிப்பு என்றும், பூனை தன்னைக் கிழிக்க விட்டுக்கொடுக்கும் எலி பூனையை மன்னித்ததாக யாரும் சொல்வதில்லை என்றும் வாதிட்டார். அகிம்சையை வாழ்நாள் விரதமாகக் கொண்டவரே வலிமையற்றவனின் மௌனத்தை அகிம்சை என்று ஏற்கவில்லை.

அப்படியானால் திருப்பி அடிக்கச் சொல்லலாமா? பல அப்பாக்கள் சொல்வது அதைத்தான். "ஒரு தடவை திருப்பிக் குடு, அப்புறம் எவனும் கிட்ட வரமாட்டான்." சில சமயம் பலிக்கவும் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் இது துன்புறுத்தல் ஆகிறது என்று முன்பே பார்த்தோம். திருப்பி அடிக்க முடிந்த பிள்ளை பெரும்பாலும் இந்த நிலைக்கு வந்திருக்காது. முடியாத பிள்ளையிடம் இதைச் சொன்னால், அடி வாங்கிய அவமானத்தோடு திருப்பி அடிக்காத அவமானமும் சேர்ந்துகொள்ளும். "பொறுத்துப் போ", "திருப்பி அடி" என்ற இரண்டும் எதிரெதிரான அறிவுரைகள்போலத் தோன்றினாலும், இரண்டிலும் சுமை பிள்ளையின் தோளிலேயே இருக்கிறது. பெரியவர் எழுந்து எங்கும் போக வேண்டியதில்லை. இந்த வசதிதான் இரண்டுக்கும் பொது.

"சின்ன வயசு, வளந்தா எல்லாம் மறந்துடும்" என்ற சமாதானத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 1958இல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு உண்டு. அதில் 7,771 பேரின் விவரங்களை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் பள்ளியில் துன்புறுத்தப்பட்டவர்கள் ஐம்பது வயதை எட்டும்போதும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றால் பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. உறவுகளிலும் வருமானத்திலும்கூட அந்தத் தடம் தெரிந்தது. குடும்ப வறுமை, பெற்றோர் கவனிப்பு, பிள்ளையின் அறிவுத்திறன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இதுவே முடிவு. நாற்பது ஆண்டுகள் போதவில்லை மறப்பதற்கு. அம்பேத்கர் தன் பள்ளி நாள்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியபோது, தான் உட்கார வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துணியையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்ற விதியையும் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்பதைப் படித்தவர்களுக்கு இந்த ஆய்வு புதிதாகத் தோன்றாது. ஆனால் அந்தத் துன்பத்தால்தான் அவர் அம்பேத்கர் ஆனார் என்று சொல்லத் தோன்றினால், அதே சாக்கில் உட்கார்ந்து படிப்பை விட்டுப் போன ஆயிரமாயிரம் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

துன்பம் புடம் போடும் என்கிறவர்கள் பிரகலாதனைக் காட்டுவார்கள். நம் கதைகளில் நெடுங்காலம் வதைக்கப்பட்ட பிள்ளை என்றால் அவன்தான். பாடசாலையிலேயே தொடங்குகிறது அவன் துன்பம். யானை, நஞ்சு, நெருப்பு எல்லாவற்றையும் தாங்கினான். ஆனால் அந்தக் கதை எங்கே முடிகிறது? "தாங்கிக்கொண்டாய், நல்ல பிள்ளை" என்று கடவுள் வானத்திலிருந்து பாராட்டுவதில் முடியவில்லை. தூண் பிளக்கிறது. கதையைச் சொன்னவர்களுக்கு, ஒரு பிள்ளை வதைபடும்போது கடவுள் வராமல் இருந்தால் அவரைக் கடவுள் என்று வணங்க மனம் ஒப்பவில்லை. நாம் பிள்ளைக்குப் பிரகலாதனின் உறுதியைப் போதிக்கிறோம். தூணைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம்.

இனி இருப்பதிலேயே கனமான எதிர்ப்பு. முன்வினை. யாரும் பிள்ளை முகத்துக்கு நேரே இதைச் சொல்வதில்லை. ஆனால் "நம்ம தலையெழுத்து", "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று தாய் பெருமூச்சு விடும்போது பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்ட பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், அதனால் இது எனக்கு நடக்கிறது. சீண்டுகிறவர்கள் ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: உன்னிடம்தான் குறை. வீடும் அதையே வேறு மொழியில் சொல்லிவிடுகிறது. இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867இல் அங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிய வள்ளலார், சீவகாருணிய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் இதே எதிர்ப்பை எடுத்துக்கொண்டு விடை சொல்லியிருக்கிறார். உயிர்கள் தம் முன்வினையால் கடவுள் ஆணைப்படி துன்புறுகின்றன என்றால், அந்தத் துன்பத்தை நாம் நீக்குவது கடவுள் ஆணைக்கு மாறாகாதா என்பது கேள்வி. அவர் விடை நேரடியானது. கொலை முதலான பெருங்குற்றம் செய்து விலங்கிட்டுச் சிறையில் கிடப்பவர்களுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். அப்படியிருக்கக் கடவுள் ஆணை இரக்கத்தைத் தடுக்கும் என்று எப்படி எண்ணலாம்? வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை முழுதாக ஏற்றுக்கொண்டே, அது பக்கத்தில் நிற்பவனின் கடமையை ஒரு மயிரிழையும் குறைக்காது என்கிறார். வினை என்பது படுகிறவனைப் பற்றிய விளக்கமாக இருக்கலாம். பார்க்கிறவனுக்கு அது விடுப்புச் சீட்டு இல்லை.

அந்த நூலில் உயிர்கள் படும் துன்பங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. பசி, கொலை, பிணி, தாகம் ஆகியவற்றோடு பயத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். பசியையும் கொலையையும் நீக்குவதை உயர்ந்த படியிலும் மற்றவற்றை அடுத்த படியிலும் வைத்தார் என்பது உண்மை. 19ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களைப் பார்த்தவர் அப்படி வைத்ததில் வியப்பில்லை. ஆனாலும் பயத்தைப் போக்குவது சீவகாருணியத்தின் வேலைதான் என்று எழுதி வைத்துவிட்டார். தருமசாலையில் சோறு போடுவதைப் புண்ணியம் என்று நம்புகிற நாம், ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றுவலி வருகிற பிள்ளையின் பயத்தைப் போக்குவதையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். இன்னொன்றும் அவர் கேட்கிறார்: ஓர் உயிர் துன்புறும்போது சிலருக்கு மட்டும் இரக்கம் வராதது ஏன்? ஆன்ம அறிவு என்ற கண் அவர்களுக்கு ஒளி மங்கிப் போயிருக்கிறது என்பது அவர் விடை. வகுப்பில் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை நினைத்தால் இந்த விடை புதுப் பொருள் பெறுகிறது. கனடாவின் டொரொண்டோ பள்ளி மைதானங்களில் நடந்ததைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட முறை பத்தே நொடிகளில் துன்புறுத்தல் நின்றுவிட்டது. மங்கிய கண்ணைத் துலக்குவதுதான் சமயக் கல்வியின் வேலை என்றால், பாடம் நடத்த வேண்டியது அந்த வேடிக்கைக் கூட்டத்துக்கு.

இவ்வளவு வாதத்தையும் ஒரே நிகழ்ச்சி கவிழ்த்துவிடுமோ என்று அஞ்ச வைப்பது நாங்குநேரி. வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொடர்ந்த தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்றார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு அந்த மாணவர்கள் நாங்குநேரியில் உள்ள அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. பொறுத்துப் போயிருந்தால் இது நடந்திருக்காதே என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? இதை எளிதாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. புகார் சொல்வது ஆபத்து என்று பிள்ளைகள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நாங்குநேரி காட்டுவது புகார் தவறு என்பதையா? புகாரைப் பெற்றுக்கொண்ட அந்தக் கணத்திலேயே பிள்ளையின் பாதுகாப்பு பெரியவர்கள் பொறுப்பாகிவிடுகிறது என்பதையும், அந்தப் பொறுப்பு கைமாறாமல் புகார் மட்டும் கைமாறினால் என்ன நேரும் என்பதையும் அது காட்டுகிறது. அந்த மாணவர் காயத்தோடு தேர்வு எழுதி 2024 மே மாதம் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். எல்லோரும் வாழ்த்தினார்கள். வாழ்த்த வேண்டியதுதான். ஆனால் அவருடைய மன உறுதியைப் புகழ்வதில், அவரைக் காக்கத் தவறியதை மறந்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. நெய்வேலிக்கு அருகிலேயே, அண்ணாமலை நகரில், 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டுக்கு 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நாங்குநேரிக்குப் பிறகுதான் நீதியரசர் சந்துரு குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலரை அமர்த்துவது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. ஒவ்வொரு முறையும் ஓர் உடல் விழுந்த பிறகே சட்டம் எழுகிறது என்பது நம் அறவுணர்வின் வேகத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது.

சீண்டுகிறவனும் குழந்தைதானே, அவனுக்கு இரக்கம் கிடையாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வருகிறவன், தந்தையின் குடியைப் பார்த்து வளர்கிறவன், சாதிப் பெருமையைச் சோற்றோடு ஊட்டப்பட்டவன் என்று அவர்களிலும் பலருண்டு. ஆனால் தடுக்காமல் விடுவது அவனுக்குச் செய்கிற இரக்கம் ஆகாது. அவன் வளர்ந்து என்னவாகப் போகிறானோ அதற்கு வழிவிடுவதாகும். அரசனுக்குச் சொல்வதுபோல வள்ளுவர் சொன்ன ஒரு முறை தலைமையாசிரியர் அறைக்கும் பொருந்தும்: கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, விழும்போது மெல்ல விழட்டும். நடந்ததைச் சிறிதாக்காமல், எழுத்தில் பதிந்து, பெற்றோரை அழைத்து, இது இந்தப் பள்ளியில் நடக்கக் கூடாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துவது ஓங்குதல். பிரம்பும் டி.சி.யும் இல்லாமல், அந்தப் பையனின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அவனைத் திருத்துவது மெல்ல விழுதல். நார்வேயில் 1982இன் இறுதியில் துன்புறுத்தல் காரணமாக மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, ஓல்வேயுஸின் திட்டம் பெர்கன் பள்ளிகளில் செயல்பட்டது. ஆசிரியர் இடைவேளையில் மைதானத்தில் நிற்பது, வகுப்பே கூடி விதி வகுப்பது, விதியை மீறினால் ஒவ்வொரு முறையும் தவறாமல் கண்டிப்பது போன்ற சாதாரணக் காரியங்கள்தான். இரண்டாண்டில் துன்புறுத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

வீட்டில் செய்ய வேண்டியதும் பெரிய தத்துவம் இல்லை. பிள்ளை சொல்லும்போது கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பது. "நீ என்ன பண்ணின?" என்று முதல் கேள்வியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருப்பது. இது உன் குறை இல்லை என்று வாய்விட்டுச் சொல்வது; ஒரு தடவை சொன்னால் போதாது. எந்த நாள், எந்த இடம், யார் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது. ஆத்திரத்தில் அந்தப் பையன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போடாமல், பள்ளிக்கு எழுத்தில் கொடுத்து, கழிப்பறை வழியிலும் சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் பள்ளிப் பேருந்திலும் என் பிள்ளையை யார் கவனிப்பார்கள் என்று கேட்டு விடை வாங்குவது. எந்த நடவடிக்கைக்கும் முன்னால் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்வது. ஏற்கெனவே தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்று உணர்கிற பிள்ளையை மேலும் கையாலாகாததாக்கக் கூடாது. பள்ளி கேட்காவிட்டால் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கின்றன. அதுவும் பலிக்காமல் பள்ளியை மாற்ற நேர்ந்தால் அதைத் தோல்வி என்று கருத வேண்டாம். பள்ளிக்கு வெளியே, நூலகமோ பந்தாட்டமோ மிருதங்க வகுப்போ, பிள்ளையைப் பட்டப்பெயரால் இல்லாமல் சொந்தப் பெயரால் கூப்பிடுகிற ஓர் இடத்தைத் தேடித் தருவது மருந்துக்கு நிகர். தூக்கம், சாப்பாடு கெட்டுப் போனாலோ, சாவைப் பற்றிப் பேச்சு வந்தாலோ மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மன்னிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமயம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். தலைமையாசிரியர் அறையில் இருவரையும் நிற்க வைத்து, "சாரி சொல்லு, கை குடு, போங்க" என்று முடிப்பது நம் பள்ளிகளில் வழக்கம். பாதிக்கப்பட்ட பிள்ளை அங்கே மன்னிக்கவில்லை. மன்னித்ததாக நடிக்க வைக்கப்படுகிறது. மன்னிப்பு உயர்ந்தது என்பதாலேயே அதைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. அச்சம் நீங்கி, தவறு தவறு என்று ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு, அந்தப் பிள்ளை தனக்கு மனம் வரும் நாளில் தரலாம். தராமலும் இருக்கலாம். இன்னா செய்தவர் நாணும்படி நன்மை செய்துவிடச் சொல்லும் குறளை அப்போது படிக்கட்டும். அது துறவறவியலில் உள்ள குறள் என்பதையும் சேர்த்தே படிக்கட்டும்.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: தினமும் கும்பிடுறேனே, சாமி ஏன் சும்மா பாத்துக்கிட்டு இருக்கு? கடவுள் சோதிக்கிறார் என்ற விடையை இங்கே சொல்லக் கூடாது. சொன்னால் துன்புறுத்துகிறவர்கள் பட்டியலில் கடவுளையும் சேர்த்துவிடுகிறோம். நெய்வேலி நடராசர் கோயிலில் பக்தர்கள் தங்கள் குறையை மனுவாக எழுதிப் போட ஒரு முறைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டு மணி அடிப்பார்கள். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை நினைவூட்டும் வழக்கம் அது. முறையிடுவது பக்தியின் ஒரு வடிவம் என்று நம் மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். முறையிடுகிற பிள்ளையிடம் பொறுமை இல்லை, பக்தி இல்லை என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. வள்ளலார் சொன்ன அரசன் சிறைக்குள் தானே சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சேவகர்களை அனுப்பினான். பிள்ளையின் கேள்விக்கு அதற்குள் விடை இருக்கிறது, ஆனால் அது வாயால் சொல்கிற விடை இல்லை. திங்கட்கிழமை காலை, ஷிப்ட்டுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, குறித்து வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு பள்ளிக்குப் போக வேண்டும்.